உடல் பழசு, உயிர் புதுசு!

மனிதனுக்கு இருதயம் பழுதாகிவிட்டால் வேறு இருதயம் பொருத்தலாம் என்பதை, 1967-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கேப்டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் செய்து காட்டினார். உலகமே மூக்கின்மேல் விரலை வைத்தது. ஆனால் நம் ஊர் மோட்டார் மெக்கானிக்குகள் அன்று, "இது என்ன பிரமாதம், ஸார்! நாங்கள் எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலைதானே?" என்று சொல்லியிருந்தால், அதை வெறும் ஜம்பம் என்று தள்ளிவிட முடியாது.

பழைய பிக்-அப் வண்டிகளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். முன்னால் இரண்டு மூன்று பேர் உட்கார இடம். பின்னால் திறந்த தொட்டி. பால் கேனும் காய்கறி மூட்டையும் கல்யாண அண்டா குண்டானும் அதில்தான் ஊர்வலம் வரும். பிறக்கும்போது அதன் வயிற்றில் இருந்தது பெட்ரோல் எஞ்சின். இன்று பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் அங்கே உட்கார்ந்திருப்பதோ டீஸல் எஞ்சின்!

இப்படி ஒரு வண்டி தாத்தாவின் சொத்தாகவோ, மலிவாகக் கிடைத்ததென்றோ வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு சர்ச்சை கிளம்பும்.

"பிறந்தபோது இருந்த பெட்ரோல் எஞ்சினையே எங்கேயாவது தேடிப் பிடித்துப் போடப் போகிறேன், பார்!" என்பார் வீட்டுக்காரர்.

"ஏங்க, ஓடுகிற எஞ்சினை எடுத்துப் போட்டுவிட்டு, ஓடாததை யாராவது மாட்டுவார்களா?" என்பாள் இல்லத்தரசி.

இந்த வழக்கில் நியாயம் யார் பக்கம்? தீர்ப்புச் சொல்வதற்கு முன், அந்த எஞ்சின் ஏன் மாறியது என்ற பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொள்வோம்.

கடையைக் கட்டிய கம்பெனிகள்

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-இல் பம்பாயில் ஒரு தொழிற்சாலை வைத்தது. பாகம் பாகமாகக் கப்பலில் வந்த செவர்லே வண்டிகளை இங்கே பூட்டி விற்றார்கள். ஃபோர்டும் அப்படியே. இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின், ராணுவம் கழித்துவிட்ட லாரிகளும் ஏலத்துக்கு வந்து ஊர் ஊராகப் பரவின. சுதந்திரம் வந்த பிறகு சர்க்கார், 'பாகங்களையும் இந்தியாவிலேயே செய்கிறவர்களுக்குத்தான் இனி இடம்' என்ற கொள்கையைக் கைக்கொண்டது. 1950-களின் நடுவில் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் கடையைக் கட்டிக்கொண்டு போயின.

வண்டிகள் இங்கே, உதிரி பாகங்கள் கடலுக்கு அப்பால். பிஸ்டன் தேய்ந்தால் என்ன செய்வது? போதாததற்கு, பெட்ரோலைவிட டீஸல் விலை அப்போது வெகு மலிவு. லிட்டருக்கு ஓடும் தூரமும் அதிகம். வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு வேறு யோசனையே தேவைப்படவில்லை.

மாற்று எஞ்சின் எங்கே கிடைத்தது தெரியுமா? சென்னையிலேயே! 1840-இல் கோச்சு வண்டி கட்டும் கம்பெனியாகத் தொடங்கிய சிம்ப்ஸன், 1950-களில் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் டீஸல் எஞ்சின்களை இங்கேயே உற்பத்தி செய்யலாயிற்று. பீட்டர்பரோ நகரத்து ஃபிராங்க் பெர்க்கின்ஸ் 1932-இல் கம்பெனி ஆரம்பித்ததே, அதுவரை குண்டோதரனாக இருந்த டீஸல் எஞ்சினை, பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் அடங்கும்படி இளைக்க வைக்கத்தான். ஆகவே எஞ்சின் மாற்றம் ஏதோ பட்டறையில் நடந்த திருட்டு வேலை அல்ல. கௌரவமான பரம்பரை அதற்கு உண்டு.

தீக்குச்சியும் கடுகும்

பெட்ரோலுக்கும் டீஸலுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? சமையலறையிலேயே விடை இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் ஸ்டவ் மாதிரி. தீக்குச்சி கிழித்தால்தான் பற்றும். அந்தத் தீக்குச்சிதான் ஸ்பார்க் ப்ளக். டீஸல் எஞ்சினோ தாளிப்பு மாதிரி. எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தால், கடுகைப் போட்டதும் அது தானே வெடிக்கிறதல்லவா? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். டீஸல் எஞ்சின் காற்றைப் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே நெருக்கிக் காய வைக்கிறது. அதில் நாஸில் வழியே டீஸலைத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்து 1897-இல் ஓட்டிக் காட்டியவர் ருடால்ஃப் டீஸல். 1913-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இரவோடு இரவாகக் காணாமல் போனார், பாவம்! அவர் பெயர் மட்டும் இன்றும் பங்குக்குப் பங்கு தொங்குகிறது.

இத்தனை நெருக்கலைத் தாங்க வேண்டுமென்றால் எஞ்சின் கனமாகத்தான் இருக்கும், அதிரவும் செய்யும். அங்கேதான் தலைவலி ஆரம்பம்.

முத்தாபுதுப்பேட்டையும் புதுப்பேட்டையும்

ஆவடியை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் இந்த வேலைக்கு ஆளும் கையும் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. யுத்த காலத்தில் ராணுவ முகாமாக வளர்ந்த வட்டாரம் அது. விமானப்படை நிலையம் அங்கே இருக்கிறது. விமானப்படையின் மோட்டார்த் தொழில் பயிற்சி நிலையமும் ஆவடியில்தான். 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலையும், 1987-இல் ஏற்பட்ட எஞ்சின் தொழிற்சாலையும் கூப்பிடு தூரம். டாங்கியின் எஞ்சினைத் தூக்கி இறக்கப் பழகிய வட்டாரத்துக்கு, பிக்-அப் எஞ்சின் பூப்பந்து!

பாகங்களுக்கு மட்டும் இன்னொரு புதுப்பேட்டைக்குப் போகவேண்டும். எழும்பூரை அடுத்த அந்தப் புதுப்பேட்டையில், பிரித்துப் போட்ட வண்டிகளின் கியர் பாக்ஸும் ரேடியேட்டரும் கடை கடையாகக் குவிந்து கிடப்பதை நகரவாசிகள் அறிவார்கள்.

எஞ்சினைப் பார்க்காதீர்கள்!

எஞ்சின் மாற்றிய வண்டியை மராமத்து செய்யும்போது, எல்லாரும் எஞ்சினையே சுற்றிச் சுற்றி வருவார்கள். விஷயம் தெரிந்தவர் அதைச் சுற்றியுள்ளவற்றை முதலில் பார்ப்பார். புது மருமகள் எப்படிப்பட்டவள் என்பது முக்கியந்தான். அவள் வந்த வீடு எப்படி என்பதும் முக்கியமல்லவா?

முதலாவது, எஞ்சின் மௌண்டிங். அந்நிய எஞ்சினைத் தாங்கச் சட்டத்தில் பற்றவைத்த இரும்பில் விரிசல் இருக்கிறதா, ரப்பர் நைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்க லேத்தில் கடைந்து போட்ட தட்டு, மயிரிழை கோணலாக இருந்தாலும் கிளட்சும் பேரிங்கும் அடிக்கடி தேயும்.

இரண்டாவது, முன் வில். கூடுதல் பாரத்தால் வண்டி மூக்கைக் கவிழ்த்து நின்றால், வில்லுக்கு இன்னொரு பட்டை தேவை.

மூன்றாவதுதான் உயிர் போகிற விஷயம்: பிரேக். பல வண்டிகளில் பிரேக்குக்கு உதவி செய்வது, பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது ஏற்படும் வெற்றிடம். டீஸல் எஞ்சினில் பெரும்பாலும் அந்த வெற்றிடம் கிடையாது. அதற்கென்று தனியாக ஒரு வாக்குவம் பம்பு வைக்கவேண்டும். வைக்காமல் ஓட்டினால் பெடல் கல்லாக இருக்கும். கனமான வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. எஞ்சின் போட்டவர் இதைச் செய்தாரா என்பதுதான் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

நான்காவது, புகை. கறுப்பாக வந்தால் நாஸிலையோ பம்பையோ சரிபார்க்கவேண்டும். நீலமாக வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. சூடேறிய பிறகும் வெள்ளையாக வந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகிக்கலாம். டீஸல் புகை புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு 2012-இல் அறிவித்திருக்கிறது. ஆகவே, மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு அழகு பார்க்க வேண்டாம்.

வீட்டுக்குள் வரும் வேலை

வாசலிலேயே வேலை நடந்தால் இல்லத்தரசிகள் கண்டிப்பாக இருக்கவேண்டிய இடங்கள் மூன்று உண்டு. பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும். உப்புத்தாளை உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் துளசி மாடத்திலிருந்து தொட்டில் வரை போய்ப் படியும். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கலாம். தூசியை வாயால் ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்கவேண்டும். காலி பெட்ரோல் டாங்கி, நிறைந்த டாங்கியைவிட ஆபத்து! உள்ளே தங்கிய ஆவி, பற்றவைக்கும் பொறி பட்டதும் வெடிக்கும். சுத்தமாக ஆவி நீக்காத டாங்கியை யாரும் பற்றவைக்க அனுமதிக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி வழக்கின் முக்கிய கட்டத்துக்கு வருவோம். 2021-ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய சொந்த உபயோக வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனி நம்பர். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாமே தவிர, தினசரி உபயோகத்துக்கு அல்ல. ஆனால் ஒரு நிபந்தனை: சட்டம், கூடு, எஞ்சின் இவற்றில் மாறுதல் செய்திருக்கக் கூடாது!

ஆக, டீஸல் எஞ்சின் பூட்டிய பிக்-அப்புக்கு அந்தப் பட்டம் கிடைக்காது. அது சாதாரண வண்டிதான். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி எஞ்சின் மாற்றத்துக்கு அனுமதி பெற்று, ஆர்.ஸி. புத்தகத்தில் பதிந்திருக்கவேண்டும். புத்தகத்திலுள்ள எஞ்சின் நம்பரும் இரும்பில் பொறித்த நம்பரும் ஒத்துப் போகாவிட்டால், விபத்து நேரும் நாளில் இன்ஷூரன்ஸ் பணத்துக்கு வம்பு வரும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நம்பரையும் நீங்களே ஒத்துப் பாருங்கள். சேமிப்புப் பணம் உங்களுடையதுமல்லவா?

தீர்ப்பு

காட்சிக்கு வண்டி வேண்டுமென்றால் ஐயா சொல்வதுதான் சரி. பழைய எஞ்சினைத் தேடட்டும். மாற்றம் நடந்த வண்டிக்குப் பட்டம் கிடைக்குமா என்று போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செலவைத் தொடங்கட்டும். காரியத்துக்கு வேண்டுமென்றால் அம்மா கட்சிதான் ஜெயிக்கும். எதுவானாலும் பெயிண்ட் வாங்குமுன் முடிவு செய்யவேண்டும். பாதியில் மனம் மாறினால் செலவு இரட்டிப்பு.

ஆனால் எஞ்சின் மாறியதால் வண்டிக்கு மதிப்புப் போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்ஜாங் என்ற ஊரிலிருந்து, 3,636 மீட்டர் உயரமுள்ள ஸாந்தக்ஃபூ சிகரத்துக்குப் பிரயாணிகளைச் சுமந்து வந்தவை, 1950-களின் லாண்ட் ரோவர் வண்டிகள். அவற்றில் பலவற்றின் வயிற்றில் துடிப்பது நம் நாட்டு ஜீப் டீஸல் எஞ்சின். யாழ்ப்பாணத்தில், யுத்தமும் பொருள் தடையும் இருந்த 1990-களில், எஞ்சினை மாற்ற வழியில்லாதவர்கள் எண்ணெயை மாற்றினார்கள். துளி பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயிலேயே பழைய ஆஸ்டின், மாரிஸ் கார்களை ஓட்டினார்கள். நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்த வண்டிகளில்தான். அசல் எஞ்சின் இல்லையே என்று அங்கே யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

கழிவு இரும்புக்குப் போயிருக்கவேண்டிய வண்டியைக் காப்பாற்றி, அதைக் கொண்டு ஒரு குடும்பத்தையும் காப்பாற்றியது அந்த மாற்று எஞ்சின். மராமத்து முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த வருஷம் எஞ்சின் மாறியது, எந்தப் பட்டறையில், என்ன செலவு, பிறகு எதை எதை மாற்றினோம் என்று குறித்து, பழைய போட்டோ இருந்தால் ஒட்டி வையுங்கள். பேரப் பிள்ளைகள் படிக்கும்போது, அது வண்டியின் ஜாதகமாக மட்டுமல்ல, உங்கள் வீட்டின் கதையாகவும் இருக்கும்.