உடம்பு இன்னும் கலசப்பாக்கத்தில்

பாரிஸுக்கு முதல் முறை போகிற நம்மூர்க்காரருக்கு மறுநாள் எழ அலாரம் தேவைப்படாது. கோடையில் பாரிஸ் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. கலசப்பாக்கத்தில் காலை ஐந்தரைக்கு எழுந்து பழகிய உடம்பு, அங்கே இரவு இரண்டு மணிக்குக் கண் விழித்துவிடும். பால் வாங்கியாயிற்று, போளூர் பஸ் போயிருக்கும் என்ற கணக்கெல்லாம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். வெளியே தெருவிளக்குகள் மட்டும் எரியும்.

எழுந்திருக்காதீர்கள், கண்ணை மூடிப் படுத்திருங்கள் என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். கையில் கேமரா இல்லாதவருக்கு அது நல்ல யோசனைதான். கேமரா இருந்தால் ஐந்து மணி வரை பொறுத்துவிட்டு இறங்கி நடப்பதே மேல். ஜூன் மாதத்தில் பாரிஸில் சூரியன் எழுவது ஏறத்தாழ ஐந்தே முக்காலுக்கு. அப்போது நம் உடம்பில் மணி ஒன்பதே கால். பாரிஸ்காரர் அந்த வெளிச்சத்தைப் பார்க்கத் தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டும். நாம் ஆபீஸ் கிளம்பும் தெம்போடு தெருவில் நிற்கிறோம்.

பாரிஸின் விடியலுக்கும் புகைப்படத்துக்கும் பழைய சொந்தம். 1838-ல் லூயி டாகேர் தன் ஜன்னலிலிருந்து புல்வார் து தாம்ப்ல் என்ற வீதியைக் காலை எட்டு மணி வாக்கில் படமெடுத்தார். தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்ட காலம் அது. நடந்தவர்கள், வண்டிகள், குதிரைகள் எதுவும் பதியவில்லை. ஓரத்தில் காலணிக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டி நின்ற ஒருவர் மட்டும் தெளிவாகப் பதிந்தார். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்களில் ஒருவராக இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். பிறகு வந்த யூஜீன் அட்ஜே, கண்ணாடித் தகடுகளையும் கனமான மரக் கேமராவையும் சுமந்துகொண்டு, ஆள் நடமாட்டம் தொடங்குமுன் தெருத்தெருவாக அலைந்தவர். 1927-ல் சாகும் வரை அவர் எடுத்தவை பெரும்பாலும் கடைவாசல்கள், மாடிப்படிகள், முற்றங்கள். முதல் நாள் எதைப் படமெடுப்பது என்று விழிப்பவர்கள் விமானம் ஏறுமுன் அட்ஜேயின் படங்களை ஒரு மணி நேரம் புரட்டிவிட்டுப் போகலாம். ஈபிள் கோபுரத்துக்கு ஓடும் அவசரம் குறையும்.

அந்த நேரத்துத் தெருவில் என்ன இருக்கிறது? முதலில் தண்ணீர். குடிக்க உதவாத நீருக்கென்று பாரிஸில் தனிக் குழாய்கள் உண்டு. நடைபாதை ஓரத்துத் திறப்புகளில் அது பொங்கி வந்து குப்பையை அடித்துச் செல்லும். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதற்குப் பழைய கம்பளத் துண்டைச் சுருட்டிக் கயிறு கட்டிக் குறுக்கே போட்டிருப்பார்கள். செய்யாற்றுப் பாசனத்தில் மண்வெட்டியால் மடை திருப்பிய வீட்டுப் பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பாரிஸில் வளர்ந்தவர் இந்தக் கம்பளச் சுருளை ஒரு நாளும் படமெடுக்க மாட்டார். நீங்கள் எடுப்பீர்கள், அதுவும் முதல் நாளில் மட்டும். நான்காம் நாள் அதைத் தாண்டிக்கொண்டு போவீர்கள்.

ரொட்டிக் கடைகளில் விளக்கு எரியும். ஐந்தரை மணி வாக்கில் மெட்ரோ ஓடத் தொடங்கும். ஊர் வாசனைக்கு ஏங்குகிறவர்கள் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வடக்கே, லா சப்பல் பக்கம் நடக்கலாம். ஈழத்தமிழர்களின் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. காலையில் ஷட்டர் மூடியே இருந்தாலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் படத்துக்கு நிற்கும். 1985-ல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம் கொஞ்சம் தள்ளி பஜோல் தெருவில் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தை முதல் நாளுக்கு வைக்க வேண்டாம் என்பேன். தெரிந்த முகமும் தெரிந்த எழுத்தும் கண்ணில் பட்டதும், புதுசாகப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போகும்.

இனி அந்த நாளின் மறுபாதி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை தளரும். தூக்கம் கெட்டவர் எடுத்த படங்களில் தொடுவானம் சாய்ந்திருக்கும், ஃபோகஸ் மூக்கைவிட்டுக் காதில் நிற்கும், இருட்டுக்காக ஏற்றிய ஐஎஸ்ஓ ஒளியுணர்வு அளவை வெயிலிலும் இறக்கியிருக்க மாட்டார். இத்தனைக்கும் பாரிஸில் மாலைதான் நீளம். ஜூனில் சூரியன் மறைய இரவு பத்து மணி நெருங்கும். நம் உடம்புக்கு அது பின்னிரவு ஒன்றரை. ஊரே ஈபிள் கோபுரத்தின் விளக்கைப் பார்க்கக் கூடும் வேளையில் நமக்குப் பாய் தேவைப்படுகிறது. தூங்கிவிடலாம், பெரிய நஷ்டமில்லை. அந்த இரவு விளக்கு அலங்காரத்துக்குக் காப்புரிமை இருக்கிறது. வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும்.

இந்த நேரத் தடுமாற்றத்துக்குக் காரணம் மூளையின் அடியில் இருக்கிறது. இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள்தான் உடம்பின் தலைமைக் கடிகாரம். உயிரணுவுக்குள் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. மனிதருக்கு இதன் சுற்று பெரும்பாலும் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் மேற்கே போய் நாள் நீண்டால் உடம்பு எளிதில் ஒத்துழைக்கும். கிழக்கே போய் நாள் குறுகினால் முரண்டு பிடிக்கும். அதாவது, போகும்போது பாரிஸ் விட்டுக்கொடுக்கும், திரும்பும்போது கலசப்பாக்கம்தான் படுத்தும்.

கடிகாரத்தைத் திருத்துவது வெளிச்சம், முக்கியமாகச் சூரிய வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு நேர்மாறாக வாழ்ந்து, விமானமே ஏறாமல் இந்த அவஸ்தையை அனுபவிப்பவர்கள் நம் ஜவ்வாது மலையிலேயே உண்டு. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் இரவெல்லாம் விழித்து நட்சத்திரங்களைப் பதிவு செய்துவிட்டு, ஊர் எழும்போது படுக்கப் போகிறவர்கள் அவர்கள். 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதன் தடயம் இந்தியப் பெருங்கடல் மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்தில் பதிவானது, காவலூரிலும் பதிவானது. நம் நேரப்படி இரவு இரண்டு மணி கடந்திருந்தது.

கேமராவைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றிய தமிழர்களில் முன்னோடி ஏ.கே. செட்டியாருக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. 1930-களில் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்த அவர் கப்பலில் போனவர். தினம் கொஞ்சமாகக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே கப்பல் நகரும். கரை இறங்கும்போது உடம்பும் கூடவே இறங்கும். அந்த வசதியைக் கொடுத்துவிட்டு வேகத்தை வாங்கியிருக்கிறோம்.

செல்போன் இறங்கியதும் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். தனிக் கேமரா பெரும்பாலும் மாற்றாது. பாரிஸ் விடியலுக்குக் காலை 9.15 என்று முத்திரை குத்தும். இதைத் திருத்தச் சொல்லித்தான் எல்லாக் கையேடுகளும் எழுதுகின்றன. முதல் நாளுக்கு மட்டும் அப்படியே விடலாம் என்பது என் கட்சி. ஷட்டரை அழுத்திய ஆளுக்கு அப்போது மணி அதுதானே.

பாரிஸ் லேசு. மகளுக்குப் பேறுகாலம் பார்க்க நியூஜெர்சி போகும் நம் பக்கத்து அப்பா அம்மாக்களின் கதைதான் கஷ்டம். கோடையில் அங்கே ஒன்பதரை மணி நேர வித்தியாசம். உடம்பு மிகவும் துவண்டுபோவது பின்னிரவு நான்கு மணி வாக்கில். நியூஜெர்சியில் அது மாலை ஆறரை. வெயில் பொன்னாகச் சாய்ந்து, மேப்பிள் மரங்களும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களும் படத்துக்கென்றே நிற்கிற நேரம். அப்பா சோபாவில் சாய்ந்திருப்பார், கையில் போன். “அப்பா, இப்ப தூங்காதீங்க, ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உக்காந்துடுவீங்க” என்று மகள் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். “அஞ்சு நிமிஷம்மா” என்பார். இருபது நிமிஷம் வரை விடலாம், அதற்கு மேல் விடக்கூடாது. தண்ணீர் தெளித்தாவது எழுப்பி, தெருமுனை வரை நடத்திக் கூட்டிப் போக வேண்டும். போனையும் கையில் கொடுங்கள். நாலு படம் எடுப்பார், மூன்று ஆடியிருக்கும்.