பச்சை வர்ணத்துக்குக் கீழே

திருநெல்வேலிச் சீமையில் பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் உத்தேசம் உங்களுக்கு உண்டா? அப்படியானால், கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் வாசல் கதவை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். கல்லிடைக்குறிச்சியோ, அம்பாசமுத்திரமோ, சேரன்மகாதேவியோ, கதவு அநேகமாய்ப் பச்சையாகவோ நீலமாகவோ இருக்கும். வர்ணம் பெயர்ந்த இடத்தைக் கவனித்தால் பச்சைக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே காவி, அதற்கும் கீழே இன்னொரு பச்சை! வீட்டில் கல்யாணம் வந்த போதெல்லாம் ஒரு பூச்சு. பூச்சுகளை எண்ணியே குடும்பத்தின் கல்யாணக் கணக்கைச் சொல்லிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தேக்கு. நிலைக்கு மேலே வெறும் மேடாய்த் தெரிகிறதே, அதுதான் கஜலக்ஷ்மி. யானைகளின் துதிக்கைகள் வர்ணத்தில் புதைந்து கிடக்கின்றன. உளி பிடித்த கை மரத்தில் என்னென்ன செய்யும் என்று அறிய நெல்லையப்பர் கோயில் தாமிர சபையைப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் உங்கள் கதவை அப்படியே விட்டுவைக்க மனம் வராது.

ஆனால், கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். நிறம் நிற்கவும், சீக்கிரம் உலரவும் ஈயம் கலப்பது உலகமெங்கும் வழக்கமாயிருந்தது. கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயம் பூசுவதைக் கட்டுப்படுத்த ஜினீவாவில் 1921-லேயே சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. அமெரிக்கா வீட்டு வர்ணங்களில் ஈயத்தை 1978-ல் தடை செய்தது. நம் நாட்டிலோ, பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016-ல் பிறந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசிய எதையும் சந்தேகப்படுவதே நல்லது.

கதவில் உறுதியாய் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை அது பரம சாது. தூளாக்கினால்தான் வம்பு. உப்புத்தாள் போட்டு வறட்டு வறட்டென்று தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத தூசி ரேழியிலிருந்து சமையலறை வரை படியும். தவழும் குழந்தை தரையைத் தொட்டுக் கையை வாயில் வைத்துக்கொள்ளும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாய்க் குழந்தை உடம்பு உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கெட்டது மருந்தால் மீளாது. தச்சு வேலை செய்பவரும் தம் சட்டையில் அந்தத் தூசியைத் தம் பிள்ளைகளிடம் கொண்டுபோகிறார். நெருப்புச் சுடரால் வர்ணத்தைப் பொசுக்குவது அதைவிட மோசம்; ஈயம் புகையாகி நேரே நெஞ்சுக்குள் போய்விடும்.

அப்படியானால் என்ன வழி? ஈரம்தான் வழி! முடிந்தால் கதவைக் கழற்றி, வெளியே, காற்றில்லாத வேளையில் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கிடத்துங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டுங்கள். சித்திர வேலைக்குக் களிம்பாய் விற்கும் வர்ண நீக்கியைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, ஊறவிட்டு, சீவிய மூங்கில் குச்சியால் நெம்பினால் யானையின் கண்கூடத் தப்பும். இரும்புக் கத்திக்கு அந்த நிதானம் கிடையாது. டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று கண்டால் வாங்காதீர்கள். அதன் ஆவி அடைத்த அறையில் உயிரையே வாங்கியிருக்கிறது.

‘காஸ்டிக் சோடா மலிவாயிற்றே’ என்பீர்கள். மலிவுதான். ஆனால் தேக்கு கறுத்துப் போகும், நார் எழும்பும், கையும் வெந்து போகும். அலுமினியப் பாத்திரத்தில் அதைக் கரைக்கவே கூடாது, பொங்கி வழியும்.

சுரண்டியதைப் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டுங்கள். அடுப்பில் போடுவதோ, வாய்க்காலில் கொட்டுவதோ வேண்டாம். தாமிரபரணித் தண்ணீரைத்தானே நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன! வேலைக்கு உடுத்திய துணியைத் தனியே துவைக்க வேண்டும்.

வேலைப்பாடு இல்லாத ஜன்னல் சட்டங்களில் வர்ணம் கெட்டியாய் நின்றால் அவற்றைச் சீண்டாமல், மேலேயே புதுப் பூச்சுப் பூசிவிடலாம். கஜலக்ஷ்மிக்குச் செலவிடும் பொறுமையை ஜன்னல் கம்பிக்கும் செலவிட வேண்டுமா, என்ன?

மரம் நன்றாய்க் காய்ந்த பிறகே எண்ணெய் பூச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு ஊதியிருக்கும். மாசி, பங்குனிதான் தோதான காலம். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாய்த் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.