பேச்சு வரும் வழி – 6: கேட்பதற்குள் கொடுத்துவிடும் கை

காது பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். அது முடிந்து பேச்சுப் பயிற்சியும் தொடங்கியாயிற்று. ஆனால் பிள்ளை எங்களிடம் இருப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் வீட்டில்.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்டால், "நிறையப் பேச்சுக் கொடுங்க" என்பார்கள். பாதி சரி. நான் போகும் பல வீடுகளில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளை நுழைய இடம்தான் இல்லை.

ஈரோட்டுப் பக்கம் ஒரு வீடு. இரண்டரை வயதுப் பையன். கழுத்து நின்றது, உட்கார்ந்தது எல்லாமே தாமதம். வாயில் 'ம்மா' மட்டும். தண்ணீர்க் குடத்தின் பக்கம் பார்வை போனால் போதும், டம்ளர் வாய்க்கு வந்துவிடும். அலமாரியைப் பார்த்தால் பிஸ்கட். அவன் கண்ணசைவு அத்தனையும் அப்பத்தாவுக்கு அத்துப்படி. அந்தப் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வாயைத் திறக்க அவனுக்கும் ஒரு காரணம் வேண்டாமா?

பிஸ்கட்டை வெளியே தெரிகிற மாதிரி டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி அவன் கையிலேயே கொடுக்கச் சொன்னேன்.

"ஏங்கண்ணு, புள்ளய ஏங்க வெக்கச் சொல்றயா?"

"இல்லீங்கம்மா. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, அவ்வளவுதான்."

டப்பாவை உருட்டினான். மூடியைச் சுரண்டினான். பிறகு அப்பத்தாவின் கையை இழுத்து மூடிமேல் வைத்து, அவர் முகத்தைப் பார்த்தான். "சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்று அவர் ஆரம்பிக்கும்போதே வேண்டாமென்று தலையசைத்தேன். கையை இழுத்ததும் முகம் பார்த்ததும் கேட்டதுதானே. அந்த நொடியில் "தெற" என்று அவனுக்காக நாம் சொல்லி, உடனே திறந்துவிட வேண்டும். கெஞ்சவிட்டால் பிள்ளைக்கு அழத்தான் தெரியும்.

1975-இல் கனடாவின் மான்ட்ரியலில் அயலா மனோல்சன் தொடங்கிய ஹானன் திட்டம் பெற்றோருக்குப் பழக்குவதும் இதையே: கவனி, பொறு, காது கொடு. நடுவில் உள்ள 'பொறு'தான் நம் வீடுகளில் கஷ்டம்.

"இது என்ன? அது என்ன?" என்று பரீட்சை வைப்பதையும் விடுங்கள். குளிக்கும்போது "ஊத்து... ஊத்து", சட்டை போடும்போது "கை விடு" என்று நடப்பதைச் சொன்னால் போதும். 'பா' என்று பால் கேட்டால், "பால் வேணும்" என்று ஒரே ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். வீட்டில் பேசும் மொழியிலேயே பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதமாவதில்லை.

உட்காரவே தடுமாறும் பிள்ளையிடம் இதெல்லாம் எடுபடாது. விழாமல் இருப்பதற்கே அதன் கவனம் முழுக்கப் போய்விடும். சுவர் மூலையில் சாய்த்து, இரு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்து, உங்கள் முகம் அதன் கண்ணுக்கு நேரே வரும்படி தரையில் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் பருப்பு கடையும் விளையாட்டு நடந்தது அப்படித்தான். உள்ளங்கையில் முழங்கையால் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கிட்டு, கை வழியே ஊர்ந்து அக்குளில் கிச்சுக்கிச்சு. சில தடவை முழுதாக ஆடிவிட்டு, ஒரு தடவை முழங்கை மடிப்பிலேயே விரலை நிறுத்தினார் அப்பத்தா. அவன் காத்திருந்தான். கையை முன்னால் தள்ளினான். "ஆ!" என்றான். விரல் மேலே ஏறியது. விலை கொடுத்து வாங்கும் பேச்சுப் பொம்மை எதுவும் இதற்கு ஈடாகாது என்பது என் கட்சி.

செல்போனைப் பற்றி நீட்டவில்லை. 2 வயதுவரை திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2021-இல் சொல்லிவிட்டது. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவதையும் விட்டுவிடுங்கள். பேச்சு நாக்கில் மட்டும் இல்லை.

"ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் பேசும்" என்று யாராவது சொன்னால், சரி என்று கேட்டுக்கொண்டு மறுநாளே கிளம்புங்கள். 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையைக் காட்டியே ஆக வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. கட்டணம் இல்லை. போகும்போது பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவரையும் அழைத்துப் போங்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், பயிற்சியைப் பார்த்துப் பழக வேண்டியவர் அப்பத்தாதான்.

(தொடரும்)