சாப்பாட்டு அறையில் ஒரு இன்ஜின்



இந்த வார எபிசோடில் "என் மெஷின்ல ஓடுதே" பிரச்சனை பற்றிப் பேசினோம். நம்ம லேப்டாப்பில் ஒழுங்கா ஓடுற கோட், சர்வருக்குப் போனதும் ஏன் படுத்துக்குது? நேரம் இல்லாததால் ஒரு கதையை விட்டுட்டேன். இது கோட் கதை இல்லை, கார் கதை.

என்கிட்ட ஒரு பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ இருக்கு. உள்ளே இருப்பது இஜே257 இன்ஜின். 2.5 லிட்டர், டர்போ, இந்தப் பக்கம் ரெண்டு அந்தப் பக்கம் ரெண்டு என்று படுத்த வாக்கில் நாலு சிலிண்டர். போன நவம்பரில் அதில் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் விழுந்துபோச்சு. தப்பு முழுக்க என்னோடது. என் காருக்கென்று ட்யூன் செய்யாமல், ஏதோ ஒரு ரெடிமேட் மேப்பை ஏற்றி, பூஸ்ட்டையும் கூட்டி ஓட்டினேன்.

டர்போ செய்யும் வேலை சிம்பிள். வெளியே வீணாப்போற புகையின் வேகத்தில் ஒரு விசிறியைச் சுத்தி, கூடுதல் காற்றை சிலிண்டருக்குள் அமுக்கும். அமுக்கின காற்று சூடாகும். அதற்கேற்ற எரிபொருள் போகலைன்னா, ஸ்பார்க் பத்தவைத்த நெருப்பு வந்து சேரும் முன்னே ஓரத்தில் இருக்கிற கலவை தானாவே வெடிக்கும். இதுதான் நாக்கிங். ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டன் தலையில் சுத்தியல் அடி மாதிரி. பிஸ்டனில் ரெண்டு ரிங்குக்கு நடுவே இருக்கிற மெல்லிய விளிம்புதான் முதலில் உடையும். எனக்கும் அதுதான் உடைந்தது.

நியூ ஜெர்சியில் நம்ம காருக்கு நாமே கேஸ் போட 1949-லிருந்து சட்டம் விடாது. ஆனா இன்ஜினையே கழற்றி கராஜில் பரப்பி வைத்தால் யாரும் கேட்க மாட்டாங்க. எடிசனில் அப்பா அம்மா வீட்டு கராஜில் அதைத்தான் செய்தேன். பிஸ்டன், கனெக்டிங் ராட், பேரிங், ஹெட் ஸ்டட் எல்லாம் புதுசு. நாலாயிரம் டாலருக்கு மேல் போச்சு. டிசம்பரில் என் கான்ட்ராக்ட் முடிந்தது. கிளையன்ட் பட்ஜெட் இல்லைன்னுட்டாங்க.

புது பிஸ்டன் ஃபோர்ஜ்டு. வழக்கமான பிஸ்டன் உருக்கி அச்சில் ஊற்றினது. அதில் சிலிக்கான் அதிகம் என்பதால் சூட்டில் அதிகம் விரியாது, ஆனா அடி தாங்காமல் உடையும். நான் வாங்கின 2618 அலுமினியக் கலவையில் சிலிக்கான் மிகக் குறைவு. அடி வாங்கினாலும் சட்டென்று உடையாது. ஆனா சூட்டில் நிறைய விரியும். அதனால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே கூடுதல் இடைவெளி விடணும். எனக்குச் சொன்ன அளவு 0.003 இன்ச். கிட்டத்தட்ட ஒரு தலைமுடி தடிமன். கம்மியானால் பிஸ்டன் விரிந்து சுவரைப் பிடித்துக்கும். அதிகமானால் உள்ளே ஆடும், எண்ணெய் மேலே ஏறும்.

பட்டறையில் சிலிண்டரை போர் பண்ணி, ஹோன் பண்ணிக் கொடுத்தாங்க. ஜனவரியில் அளந்தேன். நாலு சிலிண்டரிலும் 0.002. ஒரு இழை கம்மி.

எனக்குப் பயங்கரக் கோபம். "நீங்கள் தப்பாகச் செய்துவிட்டீர்கள், திரும்ப ஹோன் பண்ணிக் கொடுங்கள்" என்று பட்டறைக்கு நீளமா ஒரு ஈமெயில் எழுதி வைத்தேன். அனுப்பும் முன் அப்பா கராஜுக்கு வந்தார். 1998-ல், ஒய்டுகே வேலைக்காக அமெரிக்கா வந்தவர். அதுக்கு முன்னாடி அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். எனக்கு அவரை கீபோர்டோடுதான் தெரியும். அவர் மைக்ரோமீட்டரைப் பிடித்த விதத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பிஸ்டனை எங்கடா அளந்த?"

"கிச்சன்ல. இங்க குளிர்ல கை நடுங்குதுப்பா."

"பிளாக்கை?"

"இங்கதான். அது வெயிட்டு."

அப்பா சிரிக்கவே இல்லை. "உள்ள எழுபது டிகிரி. இங்க தண்ணி உறையுது. ரெண்டும் ஒரே சூட்டுல இல்லாம என்னத்த அளந்த?"

கணக்குப் போட்டேன். சிலிண்டரின் குறுக்களவு கிட்டத்தட்ட 100 மில்லிமீட்டர். அதன் உள்சுவர் இரும்பு. 20 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் 0.02 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே சுருங்கும். அது ஏறக்குறைய 0.001 இன்ச். காணாமல் போன அதே ஒரு இழை! பிஸ்டன் வீட்டுச் சூட்டில் விரிந்தபடி இருந்தது, சிலிண்டர் குளிரில் சுருங்கி இருந்தது. உலகம் முழுக்க இந்த மாதிரி அளவுகளுக்கு 20 டிகிரி செல்சியஸ்தான் பொது வெப்பநிலை என்று வைத்திருக்காங்க. அது எனக்குத் தெரியவே தெரியாது.

அன்றைக்கு ராத்திரி ரெண்டு பேரும் பிளாக்கைத் தூக்கி வந்து சாப்பாட்டு அறையில் பழைய பெட்ஷீட் மேல் வைத்தோம். பிஸ்டன், மைக்ரோமீட்டர், போர் கேஜ் எல்லாம் பக்கத்திலேயே. மறுநாள் பொங்கல். "இது என்ன, சாமிக்குப் படைக்கவா?" என்றாங்க அம்மா. பொங்கல் வைத்து முடித்த பிறகு அளந்தோம். அப்பா அளந்தார், நான் எழுதினேன். நாலிலும் 0.003.

அந்த ஈமெயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சரியா வேலை செய்த ஒரு மனுஷனைத் திட்டியிருப்பேன். அவரும் எனக்காக இன்னொரு இழை தேய்த்திருப்பார். கோடில் தப்பு பண்ணினால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம். தேய்த்த இரும்பை ஒட்டவைக்க முடியாது. கையில் வேலை இல்லாத மாதத்தில் இன்னொரு செட் பிஸ்டன் வாங்க என்னிடம் காசும் இல்லை.

மார்ச்சில் ஸ்டார்ட் பண்ணினோம். இந்தத் தடவை ட்யூனும் இந்தக் காருக்கே, அளந்து செய்தது. பிப்ரவரியில் புது கான்ட்ராக்ட்டும் கிடைத்தது. முதல் வாரமே ஒரு பில்ட் உடைந்தபோது, யாரையும் குறை சொல்லும் முன் ரெண்டு சர்வரிலும் லைப்ரரி வெர்ஷன் ஒண்ணுதானான்னு பார்த்தேன். ஒண்ணு இல்லை.

குளிர்ந்த காலையில் இன்ஜின் இன்னும் லேசா டக் டக்குன்னு சத்தம் போடும். அந்த இடைவெளியின் சத்தம்தான். ஜன்னல் வழியா அப்பா கேட்டுக்கிட்டே நிற்பார். "சூடாகட்டும்டா, அடங்கிடும்." ரெண்டு நிமிஷத்தில் அடங்கிடுது.

உங்க வீட்டிலும் இந்த மாதிரி ஒரு பழைய வேலை தெரிந்தவங்க இருப்பாங்க. கேட்டுப் பாருங்க. கிடைத்த கதையை இந்த மெயிலுக்கே பதிலா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் படிக்கிறோம்.