பினாங்கைக் காத்த தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர்

பத்திரிகை ஆசிரியரின் வேலை செய்தி தருவதோடு முடிந்துவிடுகிறதா? இந்தக் கேள்விக்கு மலேசியாவின் பினாங்குத் தீவு தரும் விடை, இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து.

ஜார்ஜ் டவுன் சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த துறைமுக நகரம். சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் சென் 1910-இல் அங்கு தங்கித் தம் அடுத்த கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார். அவர் தூண்டுதலால் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த 'குவாங் வா' சீன நாளேடு இன்றும் வெளிவருகிறது. ஆங்கிலம் கற்ற சீனர்களுக்கோ லிம் செங் ஹூய் 1903-இல் தொடங்கிய 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' இருந்தது. ஆக்ஸ்போர்டில் பயின்ற சரவணமுத்து 1931-இல் அதன் ஆசிரியரானார். சீனர் நடத்திய ஏட்டுக்குத் தமிழர் ஆசிரியர்!

ஜப்பான் 1937-இல் சீனாவின் மீது போர் தொடுத்ததும், மலாயாச் சீனர்கள் தாயகத்துக்கு நிதி திரட்டினர். எங்கோ நடந்த அந்தப் போர் பினாங்கு வாசகர்களுக்கு வீட்டுச் செய்தியாயிற்று. நான்கே ஆண்டுகளில் அது வாசலுக்கே வந்துவிட்டது.

1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஆபத்தை உணராமல் தெருவில் நின்று வேடிக்கை பார்த்த மக்கள் ஏராளமாக மடிந்தனர். சில நாட்களில் ஆங்கிலேய அதிகாரிகள் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றினர். மற்றவர்களுக்குச் சொல்லக்கூட இல்லை.

அரசு இல்லை, கடைகள் சூறையாடப்பட்டன. அப்போது பல இனத்தவரும் சேர்ந்து அமைத்த சேவைக் குழுவுக்குச் சரவணமுத்து தலைமை ஏற்றார். ஒழுங்கைக் காப்பதும் உணவு கிடைக்கச் செய்வதும் குழுவின் பொறுப்பாயின. ஆனால் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி பறக்கும்வரை குண்டுவீச்சு ஓயாது. கார்ன்வாலிஸ் கோட்டைக்குச் சென்று அந்தக் கொடியை இறக்கினார் அவர். நகரில் எதிர்த்துப் போரிடப் படை எதுவும் இல்லை என்பது வானொலி வழியே ஜப்பானியருக்குத் தெரிவிக்கப்பட்டது. டிசம்பர் 19 அன்று அவர்கள் தீவுக்குள் நுழைந்தனர்.

உயிர்களைக் காத்தவருக்கு ஜப்பானியர் தந்த பரிசு சிறைவாசம். போருக்குப் பின் அவர் மலாயாவில் இலங்கை அரசின் பிரதிநிதியாகப் பணியாற்றினார். தம் அனுபவங்களை 'தி சாரா சாகா' என்ற நூலாக எழுதினார். அது 1970-இல் வெளிவந்தது.

ஆட்சியாளர்கள் உண்மையை மறைத்துவிட்டுப் போனார்கள். ஆசிரியர் ஊரோடு நின்றார். வாசகர் நம்பிக்கை என்பது இப்படித்தான் சம்பாதிக்கப்படுகிறது.