முகம் காட்டாமல் புகழ் பெற்ற நடிகர்

ஹொலிவூட் என்றதும் நம்மவர் நினைவில் எழுவோர் காதலராகவும் வீரராகவும் தோன்றிய நட்சத்திர நடிகர்களே. அந்நட்சத்திரங்களுக்கு அருகே நின்று கதையைத் தாங்கிய குணசித்திர நடிகர்களின் பெயர் விளம்பரத்தில் மூன்றாவது வரியிலோ நான்காவது வரியிலோ இருக்கும். படம் முடிந்து வீடு திரும்பும்போது நம் மனத்தில் நிற்பவர் பல வேளைகளில் அவராகவே இருப்பார். அவ்வினத்தாருள் தலையாயவர் குளோட் றெயின்ஸ் என்பது என் துணிபு.

1889ஆம் ஆண்டு நவம்பர் 10ஆந் தேதி லண்டனின் தென்பகுதியில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பு நெடுங்காலம் வாய்க்கவில்லை. நாடக அரங்கொன்றில் நடிகர்களை அவரவர் முறை வரும்போது கூவியழைக்கும் ஏவற் சிறுவனாகவே கலையுலகிற் புகுந்தார். அக்காலத்தில் லண்டன் ஏழைகளின் கொச்சை உச்சரிப்பு அவரைப் பற்றியிருந்தது. அதனோடு, ரகரம் நாவில் ஏறாத குறையும் இருந்தது. தம் பெயரையே திருத்தமாகச் சொல்ல இயலாதவர் மேடையேறுவது எங்ஙனம்? அவ்வரங்கின் அதிபரும் பெருநடிகருமான சேர் ஹேர்பேட் பீர்போம் றீ சிறுவனின் திறமையை இனங்கண்டு, பேச்சுப் பயிற்சிக்கு வேண்டிய பணத்தைத் தாமே கொடுத்துதவினார். பிற்காலத்தில் உலகம் மயங்கிய அக்குரல் பயிற்சியாலே ஆக்கப்பட்டது என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்வார்களாக.

பின்னர் முதலாம் உலகப் போர் வந்தது. சாதாரண சிப்பாயாகச் சேர்ந்த றெயின்ஸ் பிரான்சிலே வீமி மேட்டருகே நச்சுவாயுவுக்கு ஆளாகி, வலக்கண்ணின் பார்வையைப் பெரும்பாலும் இழந்தார். படையிலிருந்து விலகியபோது கப்டன் பதவி வரை உயர்ந்திருந்தார். ஒரு கண் தெரியாதென்பதை அவர் விளம்பரப்படுத்தியதில்லை. திரையிலே அவரைக் கண்ட பலர் அதனை அறியவே மாட்டார்கள்.

போருக்குப் பின் லண்டன் மேடைகளில் நடித்ததோடு, றோயல் நாடகக் கல்லூரியில் ஆசிரியராகவும் பணிபுரிந்தார். ஜோன் கீல்குட், சார்ள்ஸ் லோற்றன் இருவரும் அங்கு அவரிடம் பயின்றவர்கள். அவரிடம் மிகுதியாகக் கற்றதாகக் கீல்குட் பின்னாளில் நன்றியோடு குறிப்பிட்டுள்ளார்.

றெயின்ஸ் பேசும்படத்தில் முதன்முதலாகத் தோன்றியது 1933இல். அப்போது வயது நாற்பதைக் கடந்திருந்தது. தோன்றியது என்று சொல்வதும் பொருந்தாது. எச். ஜி. வெல்சின் நாவலைத் தழுவி ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘மறைந்த மனிதன்’ என்ற அப்படத்தில், தலை முழுவதும் துணி சுற்றிய உருவமாக அல்லது வெறுங்குரலாக மட்டுமே அவர் வருகிறார். இறுதியில் உயிர் பிரிந்த பின்னரே சில விநாடிகள் முகம் தெரிகிறது. ஆணவமும் பித்தும் சிரிப்பும் குரலொன்றாலேயே புலப்பட்டன. முகமே மூலதனமென்று கருதப்படும் தொழிலில் இப்படித் தொடங்கியவர் வேறு எவருளர்?

அதன் பின் வேடங்கள் குவிந்தன. ‘றொபின் ஹூட்டின் வீரச்செயல்கள்’ படத்தில் (1938) வஞ்சக இளவரசன் ஜோன், ‘திரு. ஸ்மித் வாஷிங்டனுக்குச் செல்கிறார்’ படத்தில் (1939) இலஞ்சத்துக்கு விலைபோன முதிய செனற்றர்; ‘இனி, யாத்திரிகனே’ படத்தில் (1942) பெற்றி டேவிசுக்கு மனத்தெளிவு தரும் மருத்துவர். ‘கசபிளாங்கா’வில் (1942) அவர் ஏற்ற பொலிஸ் அதிகாரி றெனோவைக் காணாதார் அப்படத்தைக் கண்டவராகார். சூதாட்டம் நடப்பதறிந்து அதிர்ச்சியடைந்ததாகச் சொல்லி அவ்வதிகாரி மதுக்கடையை மூடும் அதே கணத்தில், சூதில் அவர் வென்ற பணத்தை ஊழியன் கொண்டுவந்து கையிற் கொடுப்பான். முகத்தில் சலனமின்றி நன்றி கூறிப் பெற்றுக்கொள்வார் றெயின்ஸ். ஊழலைக் கண்டிக்கும் நீண்ட வசனங்கள் செய்யாததை அந்த ஒரு நொடி செய்துவிடுகிறது.

எனினும், அவர் ஆற்றலின் உச்சம் அல்பிறெட் ஹிட்ச்கொக்கின் ‘நொட்டோறியஸ்’ (1946) என்றே கூறுவேன். பிறேசிலில் ஒளிந்து வாழும் நாசிக் கூட்டத்தில் ஒருவனான செபஸ்ரியன், அமெரிக்காவுக்காக உளவு பார்க்க வந்த பெண்ணையே காதலித்து மணக்கிறான். உண்மை தெரிந்ததும் தாயின் சூழ்ச்சிப்படி அவளுக்குச் சிறிது சிறிதாக நஞ்சூட்ட உடன்படுகிறான். கொடியவனே, ஆயினும் அக்கதையில் அவளை உள்ளன்போடு நேசித்தவன் அவனல்லவா என்று ஐயுறும்படி நடித்தார் றெயின்ஸ். நாயகன் அவளைத் தாங்கிப் படியிறங்கும்போது, தன் கூட்டாளிகளுக்கு அஞ்சித் தடுக்கவும் முடியாமல் செபஸ்ரியன் உடன் வருகிறான். தன்னையும் காரில் ஏற்றுமாறு இரக்கிறான். கார்க் கதவு பூட்டப்படுகிறது. கொலைக்களம் என்றறிந்தும் அவன் திரும்பி வீட்டுப் படிகளில் ஏறுகிறான். இப்படத்தின் நாயகி இங்கிறிட் பேர்க்மன் அவரிலும் உயரமானவர். இருவரும் சேர்ந்து நடந்துவரும் காட்சியில் றெயின்சுக்காகப் பலகையைச் சரிவாக உயர்த்தியதாக ஹிட்ச்கொக்கே கூறியிருக்கிறார். அப்பலகை இல்லாவிடினும் அவருடைய உயரம் குறைந்திராது.

சிறந்த துணை நடிகருக்கான ஒஸ்கார் விருதுக்கு ‘திரு. ஸ்மித்’, ‘கசபிளாங்கா’, ‘திரு. ஸ்கெபிங்டன்’, ‘நொட்டோறியஸ்’ ஆகிய படங்களுக்காக 4 முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 4 முறையும் பரிசு வேறொருவருக்கே சென்றது. கடைசி முறை வென்ற ஹரல்ட் றசல், இராணுவப் பணியில் இரு கைகளையும் இழந்தவர். போரிலே பார்வையிழந்த றெயின்ஸ் அத்தோல்வியை நொந்திருக்க மாட்டார் என எண்ணத் தோன்றுகிறது. மேடை அவரைக் கைவிடவில்லை: ‘நண்பகலில் இருள்’ நாடகத்துக்காக 1951இல் ரோனி விருது கிடைத்தது.

1962இல் வெளியான ‘அரேபிய லோரன்ஸ்’ படத்தில், புன்னகை மாறாமல் அரசியற் காய் நகர்த்தும் டிறைடனாக வந்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அதனை இயக்கியவர், நமது கித்துல்கலையில் ‘குவாய் நதிப் பாலம்’ எடுத்த டேவிட் லீன். 1967 மே 30ஆந் தேதி அமெரிக்காவின் நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தில் றெயின்ஸ் காலமானார்.

மாணவர் லோற்றனோ, ஆசிரியர் முகம் மறைத்து நடித்த அதே 1933ஆம் ஆண்டின் படமொன்றுக்காகச் சிறந்த நடிகருக்கான ஒஸ்காரைப் பெற்றவர். மற்றைய மாணவரான கீல்குட், ‘ஆர்தர்’ (1981) என்ற படத்தில் வேலைக்காரராக நடித்தமைக்கு, 1982இல் தமது எழுபத்தேழாம் வயதில் ஒஸ்கார் பெற்றார். அது சிறந்த துணை நடிகருக்கான விருது.