கைக்கவசமும் தோல் வாரும்

நம் சங்க நாடகங்களில் மூவேந்தரும் அட்டைக் கவசம் அணிந்துதான் போருக்குப் புறப்படுகிறார்கள். ஜிகினாத் தாள் ஒட்டிய மார்புக் கவசம் வசனம் முடியும்வரை எப்படியோ தாங்கிவிடுகிறது. முன்கையில் கட்டிய அட்டையோ, வாளை ஓங்கிய மாத்திரத்தில் மணிக்கட்டில் இடித்து மடங்கிப் போகிறது. குற்றம் முழுவதும் அட்டையுடையது அன்று. மார்பு பெரும்பாலும் அசையாத பாகம்; கை அசைவதற்கென்றே அமைந்தது. அசையும் உறுப்பைக் காக்கும் கவசம் செய்வது தனிக் கலை.

இக்கலையில் நம் நாட்டுக் கொல்லர் கண்ட வழியை, மொகலாயர் காலத்தில் வழங்கிய 'தஸ்தானா' என்னும் முன்கைக் கவசத்தில் காணலாம். ஓடுபோல் வளைந்த ஒரே எஃகுத் தகடு. மணிக்கட்டில் குறுகி, மேலே அகன்று, முழங்கையைத் தாண்டிக் கூம்பி முடியும். மணிக்கட்டின் உட்புறத்தைக் கீல் வைத்த சிறு தகடு மூடும். புறங்கைக்கு இரும்பு வளையப் பின்னலோ, பஞ்சு வைத்துத் தைத்த துணியோ தொங்கும். முழங்கை மடிப்பின் உட்புறத்தில் தகடே கிடையாது. உள்ளே அணிந்த வளையச் சட்டையின் கை அதைப் பார்த்துக்கொள்ளும். பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கொல்லனோ முழங்கையையும் விடவில்லை. ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் சிறு தகடுகளால் அதை மூடினான். அவன் திறமை பெரிதுதான். ஆனால் அணிவதற்கும் செப்பனிடுவதற்கும் நம்மவர் வழியே சுலபம் என்பது என் எண்ணம்.

தகடு அடிப்பவன் முதலில் கையை அளக்க வேண்டும். மணிக்கட்டின் சுற்றளவு ஒன்று, முழங்கைக்குச் சற்றுக் கீழே மற்றொன்று. உள்ளே வைக்கும் பஞ்சுக்கும் இடம் விட்டுக் காகிதத்தில் வெட்டிப் பார்க்க வேண்டும். பிறகு, குழி தோண்டிய மரக்கட்டையின்மேல் தகட்டை வைத்து அடிப்பது. அடிக்க அடிக்க இரும்பு இறுகி, வெடிக்கும் நிலைக்கு வரும். அப்போது உலையில் சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் மறுபடி இளகிக் கொடுக்கும். ஓரத்தைச் சுருட்டி மடக்காவிட்டால், பகைவன் வாளுக்கு முன்னே நம் தகடே நம் கையை அறுத்துவிடும்!

இரும்பின் வேலை அடியைத் தாங்குவது. அதைக் கையோடு பிணைத்து, கை அசையும்போது தானும் அசைந்து கொடுப்பது தோலின் வேலை. வார் அறுந்தால் கவசம் சுமையே. தோல் தனியாகவும் கவசமாகும். புறநானூற்றின் பதின்மூன்றாம் பாட்டில் புலித்தோற் கவசம் அணிந்த சோழன் ஒருவனைக் காண்கிறோம்.

ஐரோப்பியர் தோலை வெந்நீரில் இட்டு இறுகச் செய்தனர். அதன் ரசாயனம் சுவையானது. தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம்; மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்ட அமைப்பு. மரப்பட்டையால் பதனிட்ட தடித்த தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, சுமார் 80 டிகிரி வெந்நீரில் சிறிது நேரம் முக்கினால் அந்த முறுக்கு அவிழ்கிறது. தோல் சுருங்கித் தடிக்கிறது. சில நிமிஷம் ரப்பர்போல் வளையும். அதற்குள் கை வடிவான மரத்தின்மேல் கட்டிக் காயவிட்டால் கட்டைபோல் இறுகும். அதிக நேரம் விட்டால் நொறுங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது தோலுக்குத் தோல் மாறுபடும். ஆகவே துண்டுத் தோலில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கல்கத்தாவில் தோலுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். தாங்ராவில் ஹக்கா சீனர் நடத்திய பதனிடும் சாலைகள் பேர்பெற்றவை. 1996இல் உச்ச நீதிமன்றம் இந்நகரின் பதனிடும் சாலைகளை ஊருக்கு வெளியே மாற்றச் சொன்னதால் தொழில் பந்தலாவுக்குப் போயிற்று. (அதே ஆண்டில்தான் நம் வேலூர்த் தோல் சாலைகளின் கழிவுநீர் பற்றிய தீர்ப்பும் வந்தது.) ஆனால் இன்று கடைக்கு வரும் தோலில் பெரும்பகுதி குரோமியம் உப்பால் பதனிட்டது. குரோமியம் கொலாஜன் இழைகளை இறுகப் பிணைத்துவிடுவதால், நன்கு பதனிட்ட தோல் கொதிநீரிலும் சுருங்காது. துண்டைக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பதுதான் பதனிடுவோர் இதற்குச் செய்யும் சோதனை. செருப்புக்கு அது சிறப்பு, கவசத்துக்கு உதவாது. நமக்கு வேண்டியது தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட பழைய வகைத் தோல். இப்போது ஆவாரைக்குப் பதில் பெரும்பாலும் வாட்டில் பட்டை வந்துவிட்டது, அதுவும் ஆகும்.

இந்தத் தோலைத் தைத்தவன் யார்? புறநானூற்றின் எண்பத்திரண்டாம் பாட்டில் சாத்தந்தையார் அவனைக் காட்டுகிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை வேறு, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் தோல் வாரால் கட்டில் பின்னுகிறவன் கை ஊசியைவிட விரைவாக முடிந்ததாம், கிள்ளியின் போர். மன்னன் வீரத்துக்கு அந்தக் கையின் வேகம்தான் அளவுகோல். அந்தக் கைக்கு உரியவனையோ, இழிந்தவன் என்று பொருள்படும் சொல்லால் புலவர் குறிக்கிறார். வார் தைத்தவனுக்கு அந்தச் சொல்தான் கூலியா? மன்னன் கிள்ளியின் பெயர் நமக்குத் தெரிகிறது. கட்டில் பின்னியவன் பெயர் பாட்டில் இல்லை.

செய்ய முற்படும் நண்பர்களுக்கு இன்னொன்று. பட்டைச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீல மை உண்டாகும். பழங்காலத்து எழுதும் மையே ஏறத்தாழ இதுதான். தோல் கறுக்கும், இரும்பு துருவேறும். வியர்வை பட்டால் இன்னும் விரைவு. ஆகவே தகட்டின் உட்புறத்தில் தேன்மெழுகு பூசி, இடையில் துணி வைத்து, பித்தளை ரிவிட் அடிக்க வேண்டும். ரிவிட் தலைக்கும் தோலுக்கும் நடுவே வாஷர் ஒன்று வைக்காவிட்டால், நாலு முறை கையை மடக்கியதும் துளை கிழிந்துவிடும்.